கிளிஞ்சலில் வட்டத் துளை: புழுவா, நத்தையா?

ஜனவரி 4, காலை (கேள்வி)

மணற்கரையில் பொறுக்கும் கிளிஞ்சல்களில் பத்துக்கு ஒன்றிலாவது, உச்சிக்கு அருகே ஒரு வட்டத் துளை இருக்கிறது. தச்சர் துளையிட்டது போல விளிம்பு அவ்வளவு சுத்தம். கடற்புழு துளைத்தது என்கிறார் ஒருவர். ஓடு மக்கும்போது தானாக விழுவது என்கிறார் இன்னொருவர். நத்தை என்று மூன்றாமவர் சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. நத்தை பாசி மேய்கிற உயிர்தானே?

ஜனவரி 4, இரவு (பதில்)

புழுவும் இல்லை, மக்கியதும் இல்லை. மூன்றாமவர் சொன்னதே சரி.

நத்தை என்றால் பாசி மேயும் சாது என்பது தோட்டத்தையும் குளத்தையும் பார்த்து வந்த எண்ணம்; கடலில் அந்தக் கணக்குச் செல்லாது. மணற்பாங்கான கரைகளில், நீர் வற்றும் இடம் தொடங்கி ஆழ்ந்த பகுதி வரை, மணலுக்குள் புதைந்தபடியே நகர்ந்து, அங்கே புதைந்து வாழும் மட்டிகளைத் தேடித் தின்னும் ஒரு நத்தைக் குடும்பம் இருக்கிறது. நாட்டிசிடே என்பது அதன் அறிவியல் பெயர். ஓடு உருண்டு, வழவழத்து, மெருகு போட்டது போல் இருப்பதால் நிலா நத்தை என்று அழைக்கிறார்கள். அமிலத்தைக் கொண்டு ஓட்டைக் கரைத்துத் துளையிட்டு, அதன் வழியே வாயை நீட்டி உள்ளேயிருக்கும் சதையைத் தின்றுவிடும்.

சோதித்துப் பார்க்க ஓர் ஊசியும் நல்ல வெளிச்சமும் போதும். துளையின் வெளிவாய் அகன்று, உள்ளே போகப் போகக் கிண்ணம் போல் வளைந்து குறுகினால் அது நிலா நத்தையின் துளை. மேலும் கீழும் ஒரே அகலமாக, குழாய் போல் நேராக இறங்கினால் முட்சங்கு இனத்தின் துளை; முட்சங்கும் ஓட்டைத் துளைத்துத் தின்னும் கடல்நத்தைதான். கடற்பஞ்சு குடைந்த ஓட்டில் சல்லடை போலப் பல சிறு துளைகள் இருக்கும். அவை ஓட்டின் தடிமனுக்குள்ளேயே ஒன்றோடொன்று இணைந்திருக்கும். புழு குடைந்ததும் வளைந்த சுரங்கமாகத்தான் இருக்கும். எண்காலி எனப்படும் ஆக்டோபஸும் துளைக்கும், ஆனால் அது மிகச் சிறியதாக, ஒழுங்கற்றதாக இருக்கும். ஒரே ஒரு துளை, சீரான வட்டம், சாய்ந்த விளிம்பு என்ற மூன்றும் சேர்ந்தால் எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஜனவரி 5

நேற்றைய கடைசி வாக்கியத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். ஓடு மிக மெல்லியதாக இருந்தால் விளிம்பின் சாய்வு தெரிவதற்கு இடமே இல்லை. நகத்தின் தடிமன்கூட இல்லாத சிறு மட்டியின் ஓட்டில் கிண்ண வடிவமும் குழாய் வடிவமும் ஒன்றாகவே தோன்றும். அலையில் உருண்டு தேய்ந்த ஓட்டிலும் இதே சிக்கல்தான். அத்தகைய கிளிஞ்சலில் துளையின் வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரை எங்கே வாழ்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முட்சங்கு இனங்களில் பெரும்பாலானவை பாறை, சிப்பித் திட்டு போன்ற கெட்டியான தளங்களில் இரை தேடுபவை. மணலுக்குள் புதைந்து வாழும் மட்டியின் ஓட்டில் துளை என்றால் நிலா நத்தையின் மீதுதான் முதல் சந்தேகம் விழும்.

நத்தை ஓட்டைத் துளைக்கும் என்பது புதிய செய்தியும் அன்று. சாயம் தரும் முட்சங்கு நாக்கு போன்ற உறுப்பால் பிற ஓடுகளைத் துளைக்கிறது என்று அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். நம்ப மறுப்பவர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்தாயிற்று.

ஜனவரி 9

'அமிலத்தைக் கொண்டு கரைத்து' என்று முதல் நாள் எழுதியதை எடுத்துப் படித்தேன். அரைகுறையான விளக்கம். அமிலம் மட்டுமே வேலை செய்திருந்தால் விளிம்பு அவ்வளவு ஒழுங்காக இருந்திராது. பற்கள் மட்டுமே சுரண்டியிருந்தால் அவ்வளவு கெட்டியான ஓட்டில் பற்கள்தான் முதலில் தேய்ந்து போயிருக்கும். உண்மையில் இரண்டும் மாறி மாறி நடக்கின்றன.

நத்தையின் வாய் நீண்டு மடங்கும் ஒரு குழல். நிலா நத்தையில் அந்தக் குழல் முனையின் கீழுதட்டில் சிறு பட்டை போன்ற ஒரு சுரப்பி உண்டு. அதைத் துளையிடும் துணை உறுப்பு என்கிறார்கள். முட்சங்கு இனங்களில் அதே வேலையைச் செய்யும் உறுப்பு பாதத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. தொழில் ஒன்று, கருவியை வைத்திருக்கும் இடம்தான் வேறு. அந்த உறுப்பை ஓட்டின் மேல் சிறிது நேரம் அழுத்தி வைக்கும். சுரப்பு ஓட்டின் மேற்பரப்பை இளக்கும். பிறகு உறுப்பை விலக்கி, வரிசை வரிசையாகப் பற்கள் கொண்ட அரம் போன்ற நாக்கினால் இளகியதைச் சுரண்டி எடுக்கும். மீண்டும் உறுப்பு, மீண்டும் அரம். அந்தச் சுரப்பில் அமிலம் மட்டுமன்றி, சுண்ணத்தைப் பிணைத்து இழுக்கும் பொருள்களும், ஓட்டின் கரிமப் பகுதியைச் சிதைக்கும் நொதிகளும் சேர்ந்து செயல்படுவதாகக் கருதுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் மெல்போர்ன் கேரிக்கர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரு கேள்விக்காகவே செலவிட்டவர். சிப்பிகளை அழிக்கும் ஒரு சிறிய முட்சங்கு இனத்தில், துளையிடும் வேளையில் அந்த உறுப்பின் மேற்பரப்பில் பிஎச் (குறையக் குறைய அமிலம் மிகுதி என்று காட்டும் அளவு) 3.8 வரை இறங்குவதை 1967-இல் அவரும் உடன் பணியாற்றியோரும் அளந்தார்கள். அந்த அளவு நிலா நத்தையில் எடுத்ததன்று என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பிறகு இன்னொரு திருத்தம் எழுத வேண்டியிருக்கக் கூடாது.

வேகத்தைப் பற்றி. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் நெவெரிட்டா டூப்ளிகேட்டா என்ற இனம் மணிக்கு ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் துளைக்கிறது. நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓட்டுக்கு நான்கு நாள். அந்த நான்கு நாளும் மட்டி சாகவில்லை. மணலுக்கு அடியில், நத்தையின் பாதம் போர்வை போல் சுற்றிக்கொண்டிருக்க, ஓட்டை இறுக மூடியபடி உள்ளே உயிரோடு இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது.

ஜனவரி 10

நத்தை எந்த மட்டியைத் தேர்ந்தெடுக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். கையில் அகப்பட்டதை எல்லாம் அது துளைப்பதில்லை. ஓட்டின் தடிமன் துளைக்க ஆகும் நேரத்தை நிர்ணயிக்கிறது. உள்ளிருக்கும் சதை அந்த நேரத்துக்குக் கிடைக்கும் கூலி. கூலிக்கும் உழைப்புக்கும் உள்ள விகிதம் அதிகமாக இருக்கும் இரையையே அது விரும்புகிறது என்று 1981-இல் வெளிவந்த தொட்டிச் சோதனைகள் காட்டின. கண்ணால் பார்த்துத் தேர்வதும் இல்லை; மணலுக்குள் கண்ணுக்கு வேலை கிடையாது. நீரில் கரைந்து வரும் இரையின் வாடையை முகர்ந்தும், பாதத்தால் தடவியும்தான் அது முடிவெடுக்கிறது.

ஜனவரி 18

பேசிக்கொண்டே இருப்பதைவிட எண்ணிப் பார்க்கலாம் என்று, ஒரே வகை மட்டியின் கிளிஞ்சல்கள் 200-ஐ, கண்ணில் பட்ட வரிசையிலேயே, அழகு பார்க்காமல் பொறுக்கி ஒரு பையில் போட்டு வந்தேன். இரவு முழுவதும் உட்கார்ந்து பிரித்ததில் துளையுள்ளவை 22. ஆக, இந்தக் கரையில் ஒன்பது மட்டியில் ஒன்று நத்தையின் வாயில் போயிருக்கிறது.

துளைகள் எல்லாம் உச்சியை ஒட்டியே இருக்கின்றன என்பதுதான் என்னை அசத்தியது. இருபத்திரண்டில் மூன்றோ நான்கோ மட்டுமே இடம் மாறியிருந்தன. மற்றவற்றை அடுக்கி வைத்தால் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது. நத்தை தன் பாதத்தால் மட்டியை எப்போதும் ஒரே நிலையில் திருப்பிப் பிடித்துக்கொள்வதால் வாய்க்குழல் ஏறத்தாழ ஒரே இடத்தில் போய் நிற்கிறது என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம்.

ஜனவரி 19

'ஒரு மட்டிக்கு எத்தனை ஓடு?' என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார் ஒருவர். தலையில் அடித்துக்கொண்டேன். மட்டிக்கு இரண்டு ஓடு. நத்தை துளைப்பது அவற்றில் ஒன்றை மட்டும். 200 ஓடு என்பது 100 மட்டிக்குச் சமம். அப்படியானால் 22 துளை என்பது ஒன்பதில் ஒன்றன்று, ஐந்தில் ஒன்றுக்கும் சற்று அதிகம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

ஜனவரி 23

திருத்திய கணக்கும் நிற்காது போலிருக்கிறது.

கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்கள் கடலடியில் கிடப்பவற்றின் நேர்மையான மாதிரி அல்ல. அலை ஒரு சல்லடை. வலது ஓடும் இடது ஓடும் வளைவில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை என்பதால் ஓட்டம் அவற்றை வெவ்வேறு விதமாகத் தள்ளுகிறது. அதனால் கரையின் ஒரு பகுதியில் வலது ஓடுகளும் இன்னொரு பகுதியில் இடது ஓடுகளும் மிகுந்து கிடக்கலாம். துளையுள்ள ஓடும் துளையில்லாத ஓடும்கூட இப்படிப் பிரிந்து போகின்றன. துளையின் வழியே நீர் புகுந்து போவதால் ஓடு உயர்ந்து மிதந்து நகரும் விதம் மாறிவிடுகிறது. நெதர்லாந்தின் மணற்கரைகளில் கிளிஞ்சல்களை வைத்துச் சோதித்த ஆய்வாளர்கள் 1961-இல் இதற்குத் 'துளை விளைவு' என்றே பெயரிட்டார்கள்.

ஆகவே என் பையில் இருக்கும் 22 என்பது, நான் நடந்த அந்த நூறடி நீளத்தில், அன்றைய அலை கொண்டுவந்து போட்ட கிளிஞ்சல்களைப் பற்றிய செய்தி. அந்தக் கடலடியின் மட்டிகளைப் பற்றி அது சொல்வது மிகக் கொஞ்சம். கரையின் வேறு வேறு இடங்களில், வலது இடது பிரித்து, பல பைகள் எண்ணினால்தான் வாயைத் திறக்கலாம். முதல் நாள் 'வேறு சாட்சி தேவையில்லை' என்று எழுதியவன் நான்தான்.

பிப்ரவரி 2

உயிருள்ள நிலா நத்தையைக் கண்டுவிட்டேன். நீர் நன்றாக வற்றியிருந்த விடியற்காலை. ஈர மணலில் விரலால் கீறியது போன்ற அகன்ற தடம் ஒன்று சென்று, சிறு மேட்டில் முடிந்தது. மேட்டைத் தோண்டியபோது முதலில் ஓடே தெரியவில்லை. கையில் அகப்பட்டது குளிர்ந்த, வழுவழுப்பான சதைத் திரள். ஓட்டை ஏறக்குறைய முழுவதுமாகப் பாதம் மூடியிருந்தது. முன்பக்கம் ஏர்க்கொழு போல ஒரு மடல் தலையின் மேல் கவிந்திருந்தது. மணலைப் பிளந்துகொண்டு போவதும், மணல் தலைக்குள் புகாமல் காப்பதும் அந்த மடல்தான்.

கையில் எடுத்து ஓரிரு நொடி ஆகியிருக்கும். பாதத்தின் ஓரங்களில் இருந்து நீர் பீறிட்டு என் சட்டையை நனைத்தது. அதன்பின் அந்தத் திரள் சுருங்கிச் சுருங்கி, எப்படியும் அடங்காது என்று நான் நினைத்த அந்த ஓட்டுக்குள் முழுவதும் அடங்கி, வாசலில் ஒரு மூடியும் விழுந்தது. கைக்குள் இப்போது எலுமிச்சை அளவுக்கு ஓர் உருண்டை மட்டுமே இருந்தது.

பாதம் அவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் சதையன்று, கடல்நீர். பாதத்துக்குள் இருக்கும் இடைவெளிகளில் நத்தை கடல்நீரை ஏற்றி உப்ப வைத்துக்கொள்கிறது. உள்ளே ஒடுங்க வேண்டுமானால் அந்த நீரை வெளியேற்றியாக வேண்டும். மத்தியதரைக் கடலில் வாழும் நெவெரிட்டா ஜோசபினாவை வைத்து 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒடுங்கிய நிலையில் இந்த நத்தைகளால் வெகுநேரம் மூச்சு விட முடியாது. எனவே எடுத்துப் பார்ப்பவர்கள் சீக்கிரம் ஈர மணலில் திரும்ப வைத்துவிட வேண்டும். நான் வைத்த சில நிமிடங்களில் மடல் வெளியே வந்து, மணல் கிளறி, ஓடு கண்ணுக்கு மறைந்துவிட்டது.

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் குடும்பத்தில் நாட்டிகா வகைகளின் மூடி சுண்ணத்தால் ஆனது, வெண்பீங்கான் துண்டு போல இருக்கும். பொலினைசஸ் வகைகளின் மூடி நகம் போன்றது, பழுப்பாக ஒளி ஊடுருவும். நான் பார்த்தது பழுப்பு. இதே குடும்பத்தில் சைனம் என்ற வகைக்குக் காது போல் தட்டையான ஓடு. அதற்குள் பாதம் எந்நாளும் முழுவதும் அடங்காது. வீடு வாங்கும்போது அளவு பார்க்காமல் வாங்கிவிட்டது.

பிப்ரவரி 3

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று உண்டு, கூச்சத்தால் விட்டேன். அந்த நத்தைக்கு ஐந்தாறு அடி தள்ளி, கிழிந்த ரப்பர் வளையம் போல ஒன்று கிடந்தது. மணல் ஒட்டிய சாம்பல் நிறம், அலையலையான விளிம்பு, மேலே குறுகி அடியில் விரிந்த வடிவம், ஒரு பக்கம் வெட்டிவிட்டது போல் திறந்திருந்தது. குப்பை என்று நினைத்து எடுத்து, கரையின் மேட்டில் மற்ற குப்பையோடு போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் உறைத்தது: அது நிலா நத்தையின் முட்டை வளையம்.

தாய் நத்தை முட்டைகளைச் சளியோடு சேர்த்துத் தகடாக வெளியேற்றும். மணல்மணிகள் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும். தகடு ஓட்டின் வளைவைச் சுற்றியே வருவதால், இறுகியதும் சட்டையின் கழுத்துப்பட்டை போன்ற வடிவம் நிலைத்துவிடும். கையில் எடுத்தால் வெறும் மணல்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மணல்மணிகளுக்கு இடையே நுண்ணிய ஒளிப்புள்ளிகள் தெரியும்; அவை முட்டை அறைகள். ஈரமாக இருக்கும்வரை ரப்பர் போல் வளையும், காய்ந்தால் பொடியாகும். குஞ்சுகள் வெளியேறும் காலத்தில்தான் அது தானாகச் சிதையத் தொடங்கும். ஆகவே முழுதாக, வளைந்து கொடுக்கும் வளையம் என்றால் உள்ளே உயிர் இருக்கிறது என்று பொருள். பல இனங்களில் குஞ்சுகள் நீந்தும் இளவுயிரிகளாக நீரில் கலந்துவிடுகின்றன. ஐரோப்பியக் கரைகளில் வாழும் யூஸ்பைரா கட்டெனாவிலோ, கருக்கள் கூடவே வைக்கப்பட்டிருக்கும் வளராத முட்டைகளைத் தின்று வளர்ந்து, ஊர்ந்து செல்லும் குட்டி நத்தைகளாகவே வெளியே வருகின்றன. பசி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

18-ஆம் நூற்றாண்டில் இந்த வளையத்தைக் கூட்டமாக வாழும் தனி ஒரு கடலுயிர் என்று கருதிப் பெயர் வைத்தவர்களும் உண்டு. ரப்பர் என்று நினைத்த எனக்கு அதில் சிறு ஆறுதல்.

இன்று விடியற்காலையில் மீண்டும் போய்த் தேடினேன். குப்பை மேட்டில் வளையம் காய்ந்து மூன்று துண்டாகக் கிடந்தது.

பிப்ரவரி 15

துளையில்லாத கிளிஞ்சல்கள் எல்லாம் நத்தையிடம் தப்பிய மட்டிகளா என்று கேட்டவருக்கு: அப்படிச் சொல்லவே முடியாது. மட்டி மூச்சுமுட்டிச் சாகலாம், நோயில் சாகலாம், மணலோடு புரண்டு சாகலாம். இதைவிடப் பெரிய சிக்கல், நிலா நத்தையே சில நேரங்களில் துளையிடாமல் தின்னுகிறது என்பது. கத்தி மட்டி போன்றவற்றின் ஓடுகள் இரு முனையிலும் முழுவதும் பொருந்தி மூடுவதில்லை. பாதத்தால் இறுகச் சுற்றிச் சளியால் பொதிந்து வைத்திருந்தாலே இரை மூச்சுத்திணறி வாயைத் திறந்துவிடும். அதன்பின் துளைக்கு என்ன வேலை? அப்படித் தின்ற ஓட்டில் கீறல்கூட இராது.

ஜனவரி 18-இல் பிரித்த 178 துளையில்லாத கிளிஞ்சல்களின் குவியல் அன்றைக்கு 'நிரபராதிகள்' என்று பெயரெழுதிய பெட்டிக்குள் போனது. பெட்டியின் பெயரை இன்று அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 16

நிலா நத்தையைத் தின்பது யார் என்று கேட்டதற்கு: நண்டு, கடற்பறவை, நட்சத்திர மீன் ஆகியவற்றோடு, நிலா நத்தை. தன் இனத்தையும் தன் குடும்பத்தின் பிற இனங்களையும் அது துளைக்கும். உருண்டை ஓட்டில் அதே கிண்ணத் துளையோடு கிடக்கும் நிலா நத்தைகளைப் புதைபடிவங்களிலும் நிறையக் காணலாம். உறவுக்காரர் வீட்டு விருந்து என்பதற்கு அங்கே வேறு அர்த்தம்.

மார்ச் 2

புதைபடிவம் என்று சொல்லிவிட்டுச் சும்மா போகக் கூடாது என்று இருவர் கேட்டதால் விரிவாக எழுதுகிறேன். கடலடியில் யார் யாரைத் தின்றார்கள் என்பதற்குப் பொதுவாகத் தடயம் மிஞ்சாது. இரை போன வழி தெரியாது, கொன்றவனும் தெரியாது. ஓட்டுத் துளை அதற்கு ஓர் அரிய விலக்கு: கொலை நடந்த இடம், கொலையாளியின் குடும்பம், ஓரளவுக்கு அவன் உடல் அளவு ஆகிய மூன்றும் ஒரே ஓட்டில் பதிந்திருக்கின்றன. துளையின் வெளிவிட்டம் பெரிதானால் துளைத்த நத்தையும் பொதுவாகப் பெரிது.

இந்தத் துளைகளுக்குத் தனி அறிவியல் பெயரே உண்டு என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1981-இல் ரிச்சர்ட் பிராம்லி என்ற ஆய்வாளர் கிண்ண வடிவத் துளைக்கு ஆய்க்னஸ் பாராபோலாய்ட்ஸ் என்றும், நேர்க்குழாய்த் துளைக்கு ஆய்க்னஸ் சிம்ப்ளெக்ஸ் என்றும் பெயரிட்டார். உயிருக்குப் பெயர் வைப்பார்கள், ஓட்டுக்கும் வைப்பார்கள்; ஓடு இல்லாத இடத்துக்கும் பெயர் வைத்தவர்கள் இவர்கள்தான்.

ஓடுள்ள உயிர்களில் துளையிடும் வழக்கம் நத்தைகளைவிடப் பழையது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிளவுடினா என்ற குழாய் உயிரின் கூடுகளிலேயே வட்டத் துளைகள் உண்டு. அவற்றை இட்டது நத்தையன்று. நிலா நத்தையின் துளையை ஒத்தவை ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, டிரயாசிக் காலத்தின் பிற்பகுதிப் பாறைகளில் கிடைத்துள்ளதாக 1984-இல் எழுதினார்கள். வியப்பு என்னவென்றால், அதன்பின் நீண்ட இடைவெளி. ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கிரெட்டேசியஸ் காலத்தில்தான் நிலா நத்தைகளும் அவற்றின் துளைகளும் பெருகுகின்றன. அதற்கு முன்பு வந்தது ஒரு முயற்சி, அது தங்கவில்லை என்று அக்கட்டுரையாசிரியர்கள் விளக்கினார்கள். அந்தப் பழைய துளைகளை இட்டது நிலா நத்தைதானா என்பதிலேயே பிறகு சர்ச்சை எழுந்தது. துளையின் வடிவத்தை மட்டும் வைத்து ஆளைச் சொல்வதில் உள்ள ஆபத்தை ஜனவரி 5-இல் நானும் எழுதியிருக்கிறேன், மெல்லிய ஓடு என்ற சின்னக் காரணத்துக்காக.

மார்ச் 9

இரை சும்மா இருப்பதில்லை. நத்தையின் பாதம் பட்டதும், நீண்டு மடங்கிய காலை உதைத்து எகிறித் தப்பும் மட்டிகள் உண்டு. மணலுக்குள் இன்னும் ஆழம் போவனவும் உண்டு. ஓட்டைத் தடிப்பாக வளர்த்துக்கொள்வது இன்னொரு வழி. கார்புலா என்ற சிறு மட்டியின் ஓட்டுக்குள்ளேயே கொம்புப் பொருளாலான படலங்கள் இடையிடையே உண்டு. சுண்ணத்தைக் கரைக்கும் சுரப்புக்கு அந்தப் படலம் எளிதில் வழிவிடாது என்பதால், கார்புலாவின் ஓடுகளில் பாதியில் நின்ற துளைகள் மிகுதி என்று பலர் விளக்குகிறார்கள். படலம் வேறு காரணத்துக்காகத் தோன்றி, இதற்கும் உதவியது என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கட்சி சரியென்று படுகிறது.

மார்ச் 20

மட்டி வளர்ப்போருக்கு இந்த நத்தையால் தொல்லை உண்டா என்ற கேள்விக்கு ஜப்பானை உதாரணமாகச் சொல்லலாம். யூஸ்பைரா ஃபார்ச்சுனி என்ற நிலா நத்தை, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து மணல்திட்டுகளில் விதைத்த அசாரி என்ற உணவு மட்டியோடு கலந்து, 1990-களின் இறுதி முதல் அந்நாட்டின் வடகிழக்குக் கரைகளில் பரவியது. மட்டி வயல்களில் புகுந்தால் அது வெறும் பூச்சியல்ல, மேய வந்த மந்தை. அங்கே மட்டி பொறுக்கும் பருவத்தையே சில இடங்களில் நிறுத்த வேண்டியிருந்தது. நத்தையைப் பொறுக்கி எடுப்பதோடு முட்டை வளையங்களையும் தேடி அகற்றுகிறார்கள்.

அதற்காக எல்லா இடத்திலும் வளையத்தைக் கண்டதும் பிய்த்தெறியும்படி நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் சொந்தக் கரையில் வாழும் நத்தைக்கும் வேற்றுக் கரைக்குக் கொண்டுபோய் விடப்பட்ட நத்தைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. தவறிப்போய்ப் பிய்த்தெறிந்தவன் சொல்கிறேன்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். இந்தத் துளையுள்ள கிளிஞ்சல்களைக் கயிற்றில் கோத்தால் பழங்காலத்து மணிகள் என்று சொல்லலாம் போல இருக்கிறதே என்றும் எழுதியிருந்தார். தொல்லியலாளர்களுக்கும் இதே தலைவலிதான். தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் கிடைத்த, ஏறத்தாழ 75,000 ஆண்டுப் பழமையான சிறு நத்தை ஓடுகளை மனிதர்தான் துளைத்தார்கள் என்று நிறுவுவதற்குத் துளையின் இடம், வடிவம், தேய்மானம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது. இயற்கையாகத் துளை விழுந்த ஓடு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்தால்தான் அந்த வேலையைத் தொடங்கவே முடியும்.

ஏப்ரல் 7

மணி கோக்கும் பேச்சு வந்ததால், பெயர் அடித்த அந்தப் பெட்டியை மறுபடி திறந்தேன். துளையில்லாதவை என்று ஒதுக்கிய 178 ஓடுகளையும் ஒவ்வொன்றாக விளக்குக்கு அருகே சாய்த்துப் பார்த்தேன். மூன்று ஓடுகளின் உச்சிக்கருகே, நான் அன்று அழுக்கு என்று நினைத்த வட்டம் அழுக்கன்று, ஆழமில்லாத குழி. நடுவில் குண்டூசித் தலை போல ஒரு மேடு. பாதியில் கைவிட்ட நிலா நத்தைத் துளையின் அடையாளமே அந்த நடுமேடுதான். வளைந்த வாய்க்குழலோடு சேர்ந்த அரநாக்கு ஓரத்தை முதலில் சுரண்டி, நடுவைக் கடைசியில்தான் தொடும்.

அந்த மூன்றும் எங்கே தடைப்பட்டன என்பது ஓட்டில் எழுதியிருக்கவில்லை. பெரிய நத்தை ஏதாவது வந்து துரத்தியிருக்கலாம். அலை புரட்டிப் போட்டிருக்கலாம். ஆனால் ஒன்றில் மட்டும் குழிக்கு அப்பால், விளிம்பை நோக்கி, வளர்ச்சிக் கோடுகள் மேலும் ஏழு எட்டு தெளிவாகத் தெரிகின்றன. குழி விழுந்த இடம் உச்சிக்கருகே என்பதால் அந்தக் கோடுகள் குழிக்கு முன்பே இருந்தனவா, பின்பு வந்தனவா என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். குழிக்கு நேர் அடியில், உள்ளிருந்து சுண்ணம் பூசியது போல ஒரு சிறு வெண்திட்டு புடைத்திருக்கிறது. மட்டி உள்ளே இருந்து ஒட்டுப் போட்டிருக்கிறது. அதைச் செய்ய அது உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

அந்த ஓட்டை மட்டும் பெட்டியில் திரும்பப் போடவில்லை. மற்ற இரண்டின் உட்புறத்தையும் நாளை பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 8

பார்த்துவிட்டேன். இரண்டிலும் ஒட்டு இல்லை.